கெண்டைக்கால் இழுத்தால் என்ன செய்ய?

கே: நடுராத்திரியில் கெண்டைக்காலைச் சுண்டி இழுக்கிறது. நான் போடும் சத்தத்தில் வீடே விழித்துக்கொள்கிறது!
– கும்பகோணம் வாசகர்

ப: விழித்தவர்களில் ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். முழங்காலை நேராக நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். சுருண்ட தசை நீண்டால்தான் பிடி விடும். தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்வதால் கெண்டைத்தசை முன்பே சுருங்கித்தான் இருக்கும். நரம்பு லேசாகத் தூண்டினாலும் இறுகிவிடும். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சகஜம். படுக்குமுன் சுவரில் கையூன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, முன்பக்கம் சாய்ந்து நில்லுங்கள்.

கே: மாமியார் 'வாயு' என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா 'நரம்புத் தளர்ச்சி' என்கிறார். யார் சொல்வது சரி?
– திண்டுக்கல் வாசகி

ப: இருவரையும் விட உங்கள் மாத்திரை டப்பாவுக்கு விஷயம் தெரிந்திருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் எல்லாமே சிலருக்கு இழுப்பைத் தரும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் அவர் பார்க்கச் சொல்லலாம்.

கே: பொட்டாசியத்துக்குத் தினம் ஒரு வாழைப்பழம் போதாதா?
– தேனி வாசகர்

ப: ஒரு நடுத்தரப் பழத்தில் பொட்டாசியம் சுமார் 400 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3,500 மி.கி. அளவில் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீரை, பருப்பு, இளநீரையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதே பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் பழத்தைக்கூட உரிக்கக் கூடாது.

கே: உப்பளத்தில் வேலை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் கையும் காலும் இழுக்கிறது. ஏன்?
– தூத்துக்குடி வாசகர்

ப: சுற்றிலும் உப்பு மலை, உடம்பில் மட்டும் உப்புப் பஞ்சம்! வேர்வையோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதை 1920களிலேயே கண்டறிந்தார்கள். உப்புப் போட்ட நீராகாரம், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள், ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் உங்கள் உரிமை, யாரும் போடும் பிச்சையல்ல.

கே: கைவிரல்கள் மட்டும் குவிந்து விறைத்துக்கொள்கின்றன. வாயைச் சுற்றி மரத்தும் போகிறது.
– சேலம் வாசகி

ப: கால்சியம் குறைந்திருக்கலாம். வைட்டமின் டி பற்றாக்குறையாலும் தைராய்டு அறுவைக்குப் பிறகும் இப்படி வரும். மேல்கையை இறுக்கி அழுத்தினாலே விரல்கள் இப்படிக் குவிவதை, பிரெஞ்சு மருத்துவர் டிரூசோ 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினாலும் இதே நிலை வரலாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: நடந்தால் இழுக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. பீடிப் பழக்கம் உண்டு. தைலம் போதுமா?
– வேலூர் வாசகர்

ப: போதாது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். தைலம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. பீடியை இன்றே விடுங்கள், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். நீவியும் விடாதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.