வளைந்த ஹேண்டில்பார், வளையாத மச்சான்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும். என் மச்சானுக்கு முட்டுக்காடு பாலத்தில் வந்தது. எதிர்காற்றில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து திணற, வளைந்த ஹேண்டில்பாரில் குனிந்தபடி ஒரு கல்லூரிப் பையன் சர்ரென்று முந்திப் போனான். “எல்லாம் ஹேண்டில்பார்தான் மாப்ளே” என்றார். பையனின் வயது அவர் கணக்கில் வரவில்லை.

சொன்னதில் பாதி நியாயம் உண்டு. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போனால், மிதிக்கிற மிதியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் செலவாகிறது. குனிந்தால் குறையும். குனியத்தான் ஆள் வேண்டும்.

ஹேண்டில்பார் வந்தது. கடைக்கார அண்ணன் பழைய பிரேக் லீவரை அதில் நுழைத்துப் பார்த்தார்; போகவில்லை. நேர் ஹேண்டில்பாரின் பிடி 22.2 மில்லிமீட்டர், வளைந்தது 23.8. லீவர், கியர் மாற்றி எல்லாவற்றுக்கும் மறுபடி பணம் கட்ட அந்த வித்தியாசம் போதும். புது லீவரோ கேபிளைக் கொஞ்சமாகத்தான் இழுக்கும். வண்டியில் இருந்தது நிறைய இழுத்தால்தான் பிடிக்கிற வி-பிரேக். ஆகவே கை குட்டையான வி-பிரேக். அக்கா வருகிற பார்சல்களை எண்ணிக்கொண்டே, “இதுக்குப் புது சைக்கிளே வாங்கியிருக்கலாமே” என்றாள். அது யார் காதிலும் விழவில்லை.

உண்மையான கூத்து அளவில்தான். நேர் ஹேண்டில்பாருக்குச் செய்த வண்டியில் மேல்குழாய் பொதுவாகவே நீளம். வளைந்ததோ ஏழெட்டு சென்டிமீட்டர் முன்னால் போய்த்தான் கீழே இறங்கும். அதற்கும் முன்னால் லீவரின் தலை. மச்சான் எட்டிப் பிடித்தபோது, சாஷ்டாங்கமாக விழப்போனவர் பாதியில் மாட்டிக்கொண்டது போலிருந்தது.

“சீட்டை முன்னால தள்ளிடலாமே?”

“சீட்டு முட்டிக்கு சார், கைக்கு இல்ல” என்ற அண்ணன், ஹேண்டில்பாரைத் தாங்கிப் பிடிக்கிற 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 50-ஐ மாட்டினார். கை எட்டியது. ஆனால் கீழ்ப்பிடியில் குனிந்தால், ஒவ்வொரு மிதிக்கும் தொடை தொப்பையில் இடித்தது. மச்சான் அண்ணனைப் பார்த்தார்.

“அதுக்கு ஸ்பேர் வராது சார்.”

இப்போது மேலே இருக்கிற நேர்த்துண்டைப் பிடித்து, பழையபடி நிமிர்ந்தே ஓட்டுகிறார். அங்கிருந்து பிரேக் எட்டாது. அந்த இடத்துக்கென்றே தனி லீவர் ஜோடி விற்கிறார்கள், ஆர்டர் போட்டுவிட்டார். டெலிவரி முகவரி மட்டும் என் வீடு.