தாசில்தாரை நெல்லைக்கு அழைத்துச் செல்வது எப்படி?

முதலில் ஒரு பூனை வேண்டும். வயது பன்னிரண்டுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. சர்க்கரை நோய் கட்டாயம். திடகாத்திரமான பூனைக்கு வழிகாட்டி எதற்கு? கூடைக்குள் போட்டு மூடினால் வேலை முடிந்தது. காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று என்று தினம் இரண்டு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பூனையை வைத்துக்கொண்டு, கோயில் கொடைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று ஊரில் இருக்கும் அம்மாவிடம் வாக்கும் கொடுத்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் பூனையின் பெயர் தாசில்தார். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதால் மாமனார் வைத்த பெயர். அவர் வருவாய்த் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர், தெரியாமலா வைத்திருப்பார்?

வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எதிர் வீட்டுக்காரர் தங்கமானவர். மீன் வைக்கிறேன் என்றார், மணல் தட்டை மாற்றுகிறேன் என்றார். ஊசி என்று சொன்னதும் அவருக்கும் அதே வாரத்தில் சொந்த ஊரில் ஒரு கொடை வந்துவிட்டது. செல்லப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் கேட்டேன். “மெடிக்கல் கேஸ் நாங்க எடுக்கறதில்ல சார்” என்றார்கள், நான் ஏதோ கொலைக் கேஸைக் கொண்டுவந்ததுபோல. ஆகவே கார்.

இப்போது கணக்கு. சென்னையிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 620 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலும் பத்து மணி நேரம். காலை ஊசி முடித்து ஆறரைக்குக் கிளம்பினால், மாலை ஊசிக்குள் போய்ச் சேர பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. மிச்சம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் இரண்டு டீ, ஒரு சாப்பாடு, நான்கு மனிதர்கள் ஒதுங்குவது, ஒரு பூனை ஒதுங்குவது எல்லாம் அடங்க வேண்டும். நான் நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டேன். மாமனாருக்கு இரண்டு தடவை ஒதுக்கியிருந்தேன். “இதெல்லாம் ஜி.ஓ. போட்டு வர்ற விஷயமா மாப்ள?” என்று கேட்டார்.

அட்டவணை பிசகினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டாக்டர் சொன்னது: ஊசி ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது, போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை போட்டால்தான் முழுகும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, போட்டவர் யார், எத்தனை மணி, எத்தனை யூனிட் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. தாசில்தாருக்குப் பொருத்தமான ஏற்பாடு.

அடுத்தது வயிறு. “டிராவலுக்கு முன்னால வயிறு காலியா இருக்கணும், இல்லேன்னா வாந்தி எடுக்கும்” என்றார் டாக்டர். சரி என்றேன். “ஊசிக்கு முன்னால சாப்பிட்டிருக்கணும், இல்லேன்னா சுகர் இறங்கிடும்” என்றார். அதற்கும் சரி என்றேன். லிஃப்டில் பாதி இறங்கிய பிறகுதான் இரண்டு சரியும் ஒரே வயிற்றைப் பற்றியவை என்று உறைத்தது. மறுபடி மேலே போனேன். பயண தினத்துக்கென்று ஒரு ஏற்பாடு எழுதிக் கொடுத்தார்: அதிகாலை மூன்றரைக்கு வாந்தி மாத்திரையும் பதற்றம் குறைக்க கபாபென்டினும், ஐந்தரைக்குப் பாதிச் சாப்பாடு, அது உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த பிறகு அன்றைக்கென்று குறைத்துச் சொன்ன அளவில் ஊசி. இது தாசில்தாரின் கணக்கு. உங்கள் பூனையின் கணக்கை உங்கள் டாக்டர்தான் போட வேண்டும். என் பேச்சைக் கேட்டு எதையும் செய்துவைக்காதீர்கள்.

சீட்டோடு மருந்துக் கடைக்குப் போங்கள். கபாபென்டின் மனிதர்களுக்கு நரம்பு வலிக்குக் கொடுப்பது. கடைப்பையன் சீட்டைப் பார்த்தான்.

“பேஷன்ட் பேரு?”

“தாசில்தார்.”

நிமிர்ந்து உட்கார்ந்தான். “சாருக்கா? வயசு?”

“பன்னெண்டு.”

சீட்டை மறுபடி பார்த்தான். எடை 5.2 கிலோ என்று எழுதியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளிக்கு என்னைத் தெரியும், நானும் அவருடைய மாதாந்திர வாடிக்கையாளர்தான். “உங்க மாத்திரையும் எடுத்து வைக்கவா சார்?” என்றார். அது இருக்கட்டும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் குப்பியில் விற்கும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. தாசில்தார் போட்டுக்கொள்ளும் கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. பையன் சிவப்பை எடுத்துப் பொட்டலம் கட்டினான். அதில் இரண்டு கோடு இழுத்தால் உள்ளே போவது ஐந்து யூனிட். ஐந்து கிலோ உடம்பில் அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கூண்டுக்கு வருவோம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே கூண்டைக் கூடத்தில் திறந்து வையுங்கள், பூனை அதைத் தன் வீடாக நினைத்துக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான். இரண்டு வாரமும் தாசில்தார் அதை விட்டு வெளியே வரவில்லை. கிளம்பும் நாள் காலையில் சூட்கேஸின் ஜிப் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில், எந்தக் கைக்கும் எட்டாத மூலைக்குப் போய்விட்டார். அட்டவணையில் இதற்கு நான்கு நிமிடம். ஆனது இருபத்தாறு. கட்டிலை இரண்டு பேர் தூக்க, மாமனார் டார்ச் அடிக்க, என் மனைவி துண்டோடு சேர்த்து ஒரே அள்ளாக அள்ளினாள். அந்தத் துண்டு துவைக்காததாக இருக்க வேண்டும். சொந்த வாசனை இருந்தால்தான் பூனைக்குத் தைரியம். விருந்தினர் யாரும் அதில் கை துடைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கூண்டைப் பின் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டை அதன்மேல் போட்டு மாட்டி, மேலே மெல்லிய துணி போர்த்துங்கள்.

இன்சுலினுக்குக் குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. 2 முதல் 8 டிகிரி. பனிக்கட்டிமேல் நேராக வைத்தால் கெட்டுப்போகும். அகலவாய் ஃபிளாஸ்க்கில் அடியில் ஐஸ், நடுவில் மடித்த துணி, மேலே குப்பி. அந்த ஃபிளாஸ்க்கை என் மகனிடம் கொடுத்து, உயிரே போனாலும் விடாதே என்று சொல்லியிருந்தேன். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அதில் ஒரு கூல்டிரிங்க்ஸ் டப்பா சேர்ந்திருந்தது.

கிளம்பும்போது அம்மாவின் போன் வரும், எடுங்கள். “ஏல, பூனை குறுக்க போனாலே சகுனம் சரியில்லம்பாங்க. நீ பூனையையே வண்டியில ஏத்திக்கிட்டு வாரியே!” உள்ளே உட்கார்ந்திருக்கும் பூனை குறுக்கே போக முடியாது என்று விளக்கினேன். “பூனைக்கு ஊசியாம்ல” என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. அங்கிருந்து ஒரு சிரிப்பும்.

தாசில்தார் தாம்பரத்தில் ஆரம்பித்தார். அதை மியாவ் என்று எழுதினால் பொய். துக்க வீட்டில் தூரத்து உறவுக்காரர் வாசலிலேயே பிடிக்கும் ஒப்பாரியின் முதல் வரி மாதிரி இருந்தது. இரண்டாவது வரிக்கு மூச்சு வாங்கிக்கொள்ள இடைவெளி விடும். அந்த இடைவெளியில் நாமும் நம்பிக்கை வைப்போம். பரனூர் சுங்கச்சாவடியில் பாஸ்டேக் ஒரு நொடி அடம் பிடித்தபோது, ஊழியர் குனிந்து பார்த்து, “கொழந்தைக்கு உடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டார். சுகர் என்றேன். மனிதர் அப்படியே கலங்கிவிட்டார்.

பதில் சொல்லாதீர்கள், கூண்டைத் திறந்து மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், இளையராஜா போட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். திண்டிவனத்துக்கு முன்னால் தானாக நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் பயமே. மனைவி துணியை விலக்கிப் பார்த்தாள். “தூங்கறாரா, மயக்கமா?” சர்க்கரை இறங்கினால் பூனை சோர்ந்துபோகும், குடித்தவன் மாதிரி தள்ளாடும், வலிப்பும் வரலாம். கைவசம் தேன் இருக்க வேண்டும். ஈறில் தடவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தூங்குகிறதா, மயக்கமா என்று தெரிந்துகொள்ள எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. எழுப்பினோம். உளுந்தூர்ப்பேட்டை வரை மறுபடி ஒப்பாரி.

வழியில் எங்கெங்கே கால்நடை டாக்டர் இருக்கிறார் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும்வரை 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, ஊர் போய்ச் சேர்ந்தால் நெல்லை ராமையன்பட்டியில் ஒரு கல்லூரி இருக்கிறது. இடையில் உள்ள 600 கிலோமீட்டருக்குத்தான் பாடு. பெரம்பலூர்ப் பக்கம் நண்பரின் நண்பரான ஒரு டாக்டருக்குப் போன் போட்டு வைத்தேன். “பசுவா, எருமையா?” என்றார். பூனை என்றேன். சர்க்கரை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் சொன்னதுதான் மொத்தப் பயணத்திலும் உருப்படியான ஆலோசனை: “ஊசி போட்டாச்சு, அதுக்கப்புறம் வாந்தி எடுத்துதுன்னா எனக்கு உடனே கூப்பிடுங்க. நீங்களா யோசிக்காதீங்க.”

நிறுத்தும் இடங்களில் நான்கு கதவும் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கூண்டைத் திறக்க வேண்டும். சர்க்கரைப் பூனை நிறையக் குடிக்கும், நிறையப் போகும். மணல் தட்டை முன் சீட்டுக்குக் கீழே வைத்தோம். வீட்டுக் கிண்ணத்தில் வீட்டுத் தண்ணீர். விக்கிரவாண்டியில் தட்டை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கினார். பெரம்பலூரிலும் அதே கதை. சமயபுரம் தாண்டி, கொள்ளிடம் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருக்கும்போது கூண்டுக்குள்ளேயே அனுமதி வழங்கிவிட்டார். மாற்றுத் துண்டு நான்கு எடுத்துவைத்திருந்தோம். ஐந்து எடுத்துப் போங்கள்.

வெயிலில் நிற்கும் காரில் பூனையைத் தனியாக விட்டுப்போகவே கூடாது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாலும் உள்ளே அடுப்புதான். ஆகவே திருச்சியில் இரண்டு பந்தி. முதல் பந்தியில் மனைவியும் மகனும். ஏசி ஓடும் வண்டியில் நானும் மாமனாரும் காவல். இரண்டாம் பந்தியில் நாங்கள். மதுரை பைபாஸில் டீக்கு நிறுத்தியபோதும் அதே முறை. அங்கே ஒரு ஜிகர்தண்டா கடை இருந்தது. மாமனார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். காரிலிருந்து அந்தக் கடை தெரியாது என்பதை இருவரும் தனித்தனியாக உறுதி செய்துகொண்டோம். இது அட்டவணையில் இல்லை. ஒன்பது நிமிடம் ஆனது.

ஐந்து ஐம்பதுக்கு வீட்டு வாசல். பூனையை வீடு முழுக்க அவிழ்த்துவிடாதீர்கள். முதலில் ஒரே அறை, தட்டு, கிண்ணம், கூண்டு. அம்மாவின் அறையைக் கொடுத்தார்கள். தாசில்தார் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்ச் சார்ஜ் எடுத்துக்கொண்டார். கொடைக்கு வந்திருந்த அத்தை ஒருத்தி, “பிள்ள துவண்டு கெடக்கே, காய்ச்சல் மாத்திரையில ஒரு துண்டு கிள்ளிக் கொடேன்” என்றாள். இங்கே மட்டும் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். துண்டோ, தூளோ, எதுவும் கூடாது. உறவுக்காரர்கள் வருவதற்கு முன்பே இதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

ஆறு மணிக்குக் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தோம். 334. மனைவிக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டோம். சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா என்று கேட்டார். இரண்டும் ஆயிற்று. பயந்த பூனைக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும், அந்த நம்பரைப் பார்த்து ஊசியைக் கூட்டாதீர்கள், வழக்கமான அளவையே போடுங்கள் என்றார். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அம்மா ஒரு தட்டில் அல்வாவோடு வந்து நின்றாள்.

“உங்க மாத்திரைய எடுத்துட்டு வந்தீங்களா?” என்றாள் மனைவி.

தேனை எடுத்திருந்தேன், ஃபிளாஸ்க், இரண்டு டப்பா ஊசி, நான்கு துண்டு எடுத்திருந்தேன். அவள் அல்வாத் தட்டை நகர்த்திவிட்டு, புது ஊசி மாற்றி, என் விரலைப் பிடித்தாள். 291.

“டென்ஷன்தான்” என்றேன். “பயந்தா ஏறும்னு இப்பத்தானே டாக்டர் சொன்னார்?”

“அவர் ஜிகர்தண்டா குடிக்கலீங்க” என்றாள்.