பார்ட் த்ரீ வரட்டும்

கட்டடக்கலை படிக்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு முதலில் குழம்புவது கணக்குதான். டாக்டர் படிப்பு முடிந்தால் டாக்டர், வக்கீல் படிப்பு முடிந்தால் கறுப்பு அங்கி. என் மகள் இளங்கலைப் பட்டம் வாங்கிய அன்று பிரியாணி போட்டு, உறவுக்காரர்கள் எல்லாரும் கை கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "அத்தா, இது பார்ட் ஒன்னுதான்." முதுகலை முடித்தால் பார்ட் டூ. அப்புறம் குறைந்தது இரண்டு வருடம் எங்காவது வேலை பார்த்து, பார்த்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, பரீட்சை கொடுத்துத் தேறினால் பார்ட் த்ரீ. அதுவரை ஆர்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள மலேசியாவின் 1967ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டம் விடாது. இந்தப் பாகக் கணக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. ரப்பரும் வெள்ளீயமும் எடுத்துக்கொண்டு போனவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் பணமாற்றுக் கடை இருப்பது பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில். பழைய ஆட்களுக்கு இன்னும் பிட் ஸ்ட்ரீட். வடக்குக் கோடியில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், தாண்டினால் சீனர்களின் குவான் யின் கோயில், பிறகு குவீன் தெருவுக்கு வாசலையும் எங்களுக்கு முதுகையும் காட்டி உட்கார்ந்திருக்கும் மகாமாரியம்மன், அப்புறம் 1801இல் காதிர் முகைதீன் மரைக்காயர் தொடங்கிய பள்ளிவாசல். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து ஆய்வுக்கு இடம் தோன்றாத கட்டடக்கலை மாணவர்கள் எல்லாரும் நேரே இங்கே வந்துவிடுகிறார்கள். நாலு மதம், கடைவீடு, அதன் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதை, சாப்பாடு எல்லாம் ஒரே சாலையில் கிடைக்கும்போது யார்தான் வேறு எங்கே போவார்கள்?

எங்களை அளந்த மாதிரி உலகத்தில் யாரையும் அளந்திருக்க மாட்டார்கள். ஒரு கூட்டம் டேப் கொண்டுவரும், அடுத்த கூட்டம் சிவப்புப் புள்ளி அடிக்கும் கருவி கொண்டுவரும். போன வருடம் இருந்த தூண் இந்த வருடமும் அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் போவார்கள். பூ விற்கும் அக்கா இப்போதெல்லாம் கேள்வித்தாளைப் பார்த்தாலே பதில் சொல்லிவிடுகிறார். "நாங்க எல்லா மதமும் ஒத்துமையாத்தான் இருக்கோம் தம்பி, வெயில் காலத்துல ஐந்தடிப் பாதை குளிர்ச்சியா இருக்கும், டூரிஸ்ட் வர்றது நல்லது. மல்லி ஒரு முழம் வேணுமா?" தம்பிகள் எழுதிக்கொள்வார்கள். வாங்குவது அபூர்வம்.

இப்படிப்பட்ட சாலையில் மகள் தன் முதுகலை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த கட்டடம் எங்கள் கடை. பெருமைப்பட்டேன். கேள்வித்தாளை என் கையில் கொடுத்த பிறகு கொஞ்சம் குறைந்தது. அதில் எனக்குப் பெயர் கிடையாது. நான் ஒரு 'யூசர்'. "இந்த இடத்தோடு உங்களுக்குள்ள உணர்வுபூர்வமான பிணைப்பை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடவும்." மூன்று தலைமுறை இங்கே உட்கார்ந்து ரூபாயை ரிங்கிட்டாக மாற்றியிருக்கிறோம். வாங்கும் விலையா விற்கும் விலையா என்று கேட்டேன். முறைத்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் படிப்பு பலித்தது. கடையின் உள்சுவரில் இடுப்புயரத்துக்குப் பெயிண்ட் உரிவது எங்களுக்கு வருடாந்தரச் சடங்கு. நோன்புப் பெருநாளுக்கு அடிப்போம், ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் உரிந்துவிடும். மகள் சுவரில் காதை வைத்தாள், தட்டினாள், பிறகு நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரலில் சொன்னாள். பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். முன்பு மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்ததால் ஈரம் வழியிலேயே காற்றோடு போய்விடும். யாரோ ஒரு புண்ணியவான் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்டு பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருக்கிறார். வெளியே போக வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. கூடவே வரும் உப்பு பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. "சுவர் மூச்சு விடணும் அத்தா." கட்டண ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஏறக்குறைய ஒரு பருவக் கட்டணம் போயிருக்கிறது. பரவாயில்லை, நியாயமான விலை.

ஆய்வின் நோக்கம் பெரியது: இந்தச் சாலைக்கு மறுபடியும் குடியிருப்பவர்களைக் கொண்டுவருவது. மாடியில் குடும்பங்கள், கீழே கடை, நடுவிலே வெளிச்சம் வரும் முற்றம். படம் அழகாகத்தான் இருந்தது. "இவங்களை எங்கேருந்து கொண்டு வருவே?" என்று கேட்டேன். இலக்குக் குழு, ஊக்கத்தொகை என்று என்னவோ சொன்னாள். எங்கள் மாடியில் இருந்த தையல்காரர், அடுத்த கடை மாடியில் இருந்த ஆறு பிள்ளைக்காரி, எதிர்ச்சாரிச் சீனக் கிழவர், இவர்களெல்லாம் இலக்குக் குழுவாக இருந்து போனவர்கள் அல்ல. வாடகைக் கட்டுப்பாடு 2000 பிறந்ததோடு முடிந்தது. வாடகை ஏறியது, கிளம்பினார்கள். மாடிகளில் முதலில் விற்பனைக்குப் பறவைக்கூடு வளர்த்தார்கள், பிறகு வெள்ளைக்காரர்களைத் தங்கவைத்தார்கள். "அவங்க எல்லாம் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்ல இருக்காங்க. நம்பர் தரவா?" மகள் ஒன்றும் பேசாமல் நம்பர்களை வாங்கிக்கொண்டாள். அவள் ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த அத்தியாயம் அதிலிருந்து வந்ததுதான். அதில் யாருக்கும் மதிப்பெண் போடச் சொல்லும் கட்டம் இல்லை.

மற்ற அத்தியாயங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இரவில் பள்ளிவாசல் பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கு வரிசை கட்டி நிற்பார்களே, அதை அவள் 'வலுவான மண அச்சு' என்று எழுதியிருந்தாள். வரிசையில் நின்று பார்த்தால் தெரியும், அது பசி.

இந்தப் படிப்பில் பரீட்சைக்குப் பதில் கிரிட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று ராத்திரி தூங்காத பிள்ளையைத் தன் படங்களுக்கு முன்னால் நிற்கவைத்து, நன்றாகத் தூங்கி எழுந்த நாலு பேர் கேள்வி கேட்பார்கள். முதலில் தத்துவமாக ஆரம்பித்து, கடைசியில் "கக்கூஸ் எங்கே?" என்று முடிப்பார்களாம். நடு ஆண்டுக் கிரிட்டில் ஒருவர் அவள் மாடலின் கூரையைப் பிடுங்கித் தலைகீழாக வைத்து, இப்போது நன்றாக இருக்கிறது என்றாராம். வீட்டுக்கு வந்து அழுதாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது, கதைதான் வரும். எங்கள் சாலைக் கோடித் தேவாலயத்தைக் கட்டிய ராபர்ட் ஸ்மித் எந்தக் கிரிட்டிலும் நின்றவர் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைப் பொறியாளர். பினாங்கு வேலை முடிந்து இந்தியா திரும்பியவர், தில்லியில் நிலநடுக்கத்தில் அடிபட்ட குதுப் மினாரைப் பழுதுபார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் 1828இல் உச்சியில் தன் யோசனையாக ஒரு மண்டபத்தையும் ஏற்றிவைத்தார். 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிரபு அதைக் கழற்றி இறக்கச் சொல்லிவிட்டார். ஸ்மித்தின் அசட்டுத்தனம் என்ற பெயரோடு அது இன்றும் புல்தரையில் நிற்கிறது. "உனக்கு அட்டைக் கூரைதானே போச்சு?" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தைரியம் வந்ததும் அடுத்ததைக் கேட்டேன். நம் பள்ளிவாசலுக்கு 1916 வாக்கில் நியூப்ரோனர் என்கிற ஆர்கிடெக்ட் முகலாயர் பாணியில் குவிமாடம் வைத்தாரே, தமிழ் முஸ்லிம்கள் தொழும் பள்ளிவாசலுக்கு, பினாங்கில், பக்கத்தில் சீனக் கோயில் இருக்கும் இடத்தில். அந்தப் படத்தை உன் கிரிட்டில் ஒட்டினால்? "சூழலுக்குச் சம்பந்தமே இல்லைன்னு கிழிச்சிருப்பாங்க அத்தா." அவள் ஆய்வேட்டின் அட்டைப்படமே அந்தக் குவிமாடம்தான்.

இறுதிப் படங்களை அச்சடித்து வந்தபோது என் கடையைத் தேடினேன். கடை இருந்தது, நான் இல்லை. என் ஸ்டூல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பலூன் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவன் சைக்கிளோடு, ஒரு குழந்தை பறந்துகொண்டு, பள்ளிவாசல் வாசலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய நாய். எல்லாரும் குளிருக்குக் கழுத்துத் துண்டு போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் வேட்டி சட்டையே பாரம். இணையத்தில் கிடைக்கும் வெட்டிய உருவங்கள் அப்படித்தான் இருக்கும் என்றாள். நாயை எடுக்கச் சொன்னேன், என்னைப் போடச் சொன்னேன். போட்டாள். தொந்தியைப் பாதி குறைத்திருந்தாள். அதைத் திருத்தச் சொல்லவில்லை.

போன மாதம் முதுகலை முடிந்தது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மச்சான் கிளம்பி வந்துவிட்டார். பின்பக்கம் சமையலறையைப் பத்தடி நீட்டணும், மாநகராட்சிக்குப் பிளான் கொடுக்கணும், மருமகள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"பார்ட் டூதான் மாமா. நான் போட முடியாது."

"இத்தனை வருஷம் படிச்சும் கையெழுத்துப் போடக் கத்துத் தரலையா?"

என் மனைவிக்குத் தம்பி முகம் வாடினால் தாங்காது. ஏதாவது செய் என்று மகளை இடித்தாள். அவளும் மாமாவை உட்காரவைத்து, டேப்லெட்டைத் திறந்து, இடத்தை அளப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்: "புது சமையலறைக்குள்ள நுழைஞ்சதும் உங்களுக்கு என்ன உணர்வு வரணும் மாமா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் நோட்டு எண்ணத் தொடங்கினேன்.

"பசி வரணும்மா," என்றார். மகள் அதை எழுதிக்கொண்டாள்.