வாரக்காரப் பெடியன்

இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணியில்லாதவன் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, விதைப்பது பழைய வழக்கம். இப்போது கிளிநொச்சிப் பெடியனுக்குக் காணியே தேவையில்லை. கைபேசியும் ஃப்ரீ ஃபயரும் இரவு டேற்றாவும் போதும். விளையாடுவதைப் பதிந்து யூடியூப்பில் போட்டுக் காசு உழைக்கலாம். வயல் மட்டும் கம்பனியுடையது.

வாரக்கணக்கைப் பச்சையாகச் சொன்னது விளையாட்டுக் கம்பனியான நின்ரெண்டோ. 2013இல் ரசிகர்களின் வீடியோ விளம்பரக் காசை முழுதாக அள்ளியது. 2015இல் மனம் இளகி, தனி வீடியோவுக்கு 60 வீதம், சானல் முழுவதும் தன் விளையாட்டே என்றால் 70 வீதம் என்று அளந்து கொடுத்தது. வேறு பயிர் வைக்காதவனுக்குக் கூடுதல் பங்கு! 2018 நவம்பரில் அந்தத் திட்டத்தை முடிப்பதாக அறிவித்தது. இனி உழைக்கலாம், ஆனால் வெறும் பதிவு கூடாது, சொந்த வர்ணனையோ கைவேலையோ சேர வேண்டுமாம்.

வர்ணனைக்கு இங்கே பஞ்சமா? "அடேய், பின்னாலை நிக்கிறான், ஓடு!" என்ற அலறலுக்கு நடுவே அம்மாவின் குரல்: "தம்பி, மாட்டை மாத்திக் கட்டு!" இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விமர்சனம், செய்தி, கற்பித்தல் போன்றவற்றுக்கு பிறர் படைப்பை நியாயமாகப் பயன்படுத்த அனுமதிக்கிறது. மாடு எதில் சேரும் என்று சட்டத்தரணியிடம் கேட்கலாம்தான். அவருடைய பீஸைக் கட்ட மாட்டையே விற்க வேண்டிவரும்.

கம்பனி பங்கு கேட்டு வருமுன் விளைய வேண்டுமே. விளம்பரப் பங்குக்கு யூடியூப் கேட்பவற்றில் ஒன்று 1000 சந்தாதாரர். மாமி, மச்சான், ரொறன்ரோச் சித்தப்பா எல்லோரையும் சேர்த்தாயிற்று. இன்னும் எண்ணூறு பேர் குறைகிறது.