கோடி அற்புதரின் நாக்கு

கேள்வி: தொலைந்த சாவியைக் கண்டுபிடித்துத் தருவது தவிர, கோடி அற்புதர் எனப்படும் புனித அந்தோனியார் வேறென்ன செய்தார்?

பதில்: பேசினார். அதுதான் அவருக்கு முழுநேர வேலை. லிஸ்பனில் பிறந்த பெர்னாண்டோ, முதலில் அகுஸ்தீன் சபைத் துறவி. மொராக்கோவில் 1220-இல் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அவர் இருந்த கொயிம்பிராவுக்கு வந்ததும் பிரான்சிஸ்கன் சபைக்கு மாறினார். பெயர் அந்தோனி ஆனது. தாமும் வேதசாட்சியாகும் ஆசையில் மொராக்கோ போனவருக்கு வாய்த்தது நோய்தான். ஊர் திரும்பிய கப்பலைப் புயல் சிசிலிக்குத் தள்ளியது.

1222-இல் இத்தாலியின் ஃபோர்லி நகரில் குருப்பட்ட விழா. பிரசங்கம் செய்ய ஒருவரும் தயாராக வரவில்லை. பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு என்று சகதுறவிகள் நினைத்திருந்த அந்தோனியை எழுப்பிவிட்டார்கள். அன்றோடு சமையலறை ஓர் ஆளை இழந்தது.

1231 தவக்காலத்தில் பதுவாவில் அவர் பேச்சுக்குக் கோயில்கள் போதவில்லை. கூட்டம் திறந்தவெளிக்கு நகர்ந்தது. சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாதென அந்நகரம் சட்டம் போட்டது, அவர் கேட்டுக்கொண்டதால். கந்துவட்டிக்காரர்கள் மகிழ்ந்திருக்க வாய்ப்பில்லை.

அதே ஆண்டு ஜூன் 13-இல் இறந்தார். ஓராண்டுக்குள் புனிதர் பட்டம். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாம். பதுவா பேராலயத்தில் இன்றும் இருக்கிறது. கேட்க மறுத்த மனிதரை விட்டு ரிமினியில் மீன்களுக்குப் பிரசங்கித்தார் என்பது மரபுக்கதை. மீன் பிடிப்பவர்களும் கேட்டிருக்க வேண்டும்: கச்சத்தீவில் அவருக்குக் கோயில் உண்டு, ஆண்டுத் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் போகின்றன.