ஹெல்மெட்: ஸ்டிக்கர் போதாது, எண்ணையும் பாருங்கள்

கேள்வி: விருதுநகரிலிருந்து சிவகாசி அச்சகத்துக்கு தினமும் பைக்கில் போய்வருகிறேன். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் சாலையோரம் மலிவாகக் கிடைக்கிறது. ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரும் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஊருக்கெல்லாம் லேபிள் அச்சடிக்கிற சிவகாசியில் வேலை பார்த்துக்கொண்டு, நீங்களே ஸ்டிக்கரை நம்பலாமா? முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்றும், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் தயாரித்தவர் யாரென்று தெரிந்துவிடும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை கட்டாயம். நல்ல உள்நாட்டு ஹெல்மெட்டே 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தலையில் ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதமே 1,000 ரூபாய்!

போட்டதும் கன்னம் இரண்டும் அழுந்த வேண்டும். வாரை மாட்டிவிட்டுப் பின்னாலிருந்து முன்பக்கம் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. வெயிலுக்குப் பயந்து அரை ஹெல்மெட்டுக்குப் போய்விடாதீர்கள், தாடைக்கு வேறு காவல் கிடையாது. காற்றுத் துவாரம் உள்ளதாக எடுங்கள். இரவு ஷிஃப்டு என்றால் கறுப்பு வைசர் ஆகவே ஆகாது.

இன்னொன்று, உங்களுக்காகவே சொல்கிறேன்: மை பட்டுவிட்டதென்று அச்சகத்துத் தின்னரால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஓடு கண்ணுக்குத் தெரியாமல் பலமிழந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளிருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது, நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது.