கடம்பாவுக்கு ஜாதகம் எழுதும் மகான்களுக்கு

மேன்மை தங்கிய ஏற்றுமதிச் சான்றிதழ் அலுவலகத்தாருக்கு,

கடல் உணவுக் கம்பெனி ஒன்றில் பேப்பர் வேலை பார்க்கும் பெரம்பூர்க்காரன் கைகட்டி எழுதிக்கொள்வது.

போன வாரம், ஸ்பெயினுக்குப் போகவேண்டிய கடம்பா (கணவாய்) ஃபைலைத் தங்கள் கவுண்டரில் நீட்டினேன். தங்கள் ஊழியர் அதை இரண்டு விரலால் தூக்கி, "மீன் நாத்தம் அடிக்குது, வேற காப்பி எடுத்துட்டு வாப்பா" என்றார். வரிசையே சிரித்தது. மீன் ஃபைலில் மல்லிகை மணக்காதது என் குற்றம்தான். காசிமேட்டு ஏலத்தில், ஐஸ் தண்ணீர் சொட்டும் கையோடு லாஞ்சுக்காரர் போட்ட கையெழுத்து அது. இனி பன்னீர் தெளித்தே கொண்டுவருகிறேன்.

தங்கள் தொண்டு சாமானியமா? 2010 ஜனவரியிலிருந்து, கடலில் பிடித்த மீன் எது ஐரோப்பாவுக்குப் போனாலும் ஜாதகத்தோடுதான் போகிறது. எந்தப் படகு, என்ன பதிவு எண், எந்தக் கடல், எந்தத் தேதி. மனுஷனுக்குப் பிறந்த நேரம் பார்ப்பார்கள், மீனுக்குச் செத்த நேரம். பிறகு தோஷம். கடம்பாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டி காட்மியம் இருந்தால் செவ்வாய் தோஷம், சம்பந்தி வீட்டார் கண்டெய்னரோடு திருப்பிவிடுவார்கள். பண்ணை இறாலுக்கு ஆன்டிபயாடிக் தோஷம் என்று 2016-இல் ஐரோப்பாக்காரர்கள் சோதனையைப் பாதிக்குப் பாதி சரக்குக்கு ஏற்றினார்கள். வலையில் ஆமை தப்பிக்க வழியில்லை என்று அமெரிக்கா நம் கடல் இறாலைச் சில ஆண்டுகளாக வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. (இந்தத் தோஷம் மட்டும் நியாயமானது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவன் எதிர்த்துப் பேசமாட்டான்.)

அதே லாஞ்சில் வந்து, ஏற்றுமதிக்குத் தேறாத கூடைதான் எங்கள் பெரம்பூர் மார்க்கெட்டுக்கு வருகிறது. அதற்கு ஜாதகம் கிடையாது. நட்சத்திரம் கேட்டு ஒருத்தரும் வந்து நான் பார்த்ததில்லை.

தோஷம் எங்கள் தண்ணீருக்கும் உண்டு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. மீனவர்கள் மக்கால் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். 2017-இல் எண்ணூரில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான். கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, இடுப்பளவு தண்ணீர் முழங்காலளவு ஆனது. அந்தச் சேற்றில் கைவிட்டு இறால் தடவுகிறவளிடம் எந்த லேப் போய்ச் சாம்பிள் எடுத்தது? ஸ்பெயின்காரன் வயிறுதான் வயிறு, எங்கள் பிள்ளைகளுடையது குப்பைத்தொட்டியா?

மன்னிக்கவேண்டும். ஏழரைச் சனி, வாய் நீண்டுவிட்டது. தங்கள் பேனா முனையில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

அடியேனுக்கு ஒரே விண்ணப்பம். ஜாதகம் கணிப்பதில் தங்களை மிஞ்ச ஆளில்லை. கடம்பாவுக்கு எழுதும் அதே படிவத்தில் மணலிக் குழாய்களுக்கும் எழுதித் தரவேண்டும். எந்த ஆலை, எந்தக் குழாய், எந்த ராத்திரி எத்தனை மணிக்குத் திறந்தது. மூன்று காப்பி, முத்திரையோடு. கட்டணம் எவ்வளவானாலும் கட்டிவிடுகிறேன். கையெழுத்துக்கு மட்டும் தாங்களே நேரில் போகவேண்டியிருக்கும், ஆலைக்காரர்கள் யாரும் விடிகாலையில் காசிமேட்டுக்கு வருவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் கடைக்கண் பார்வைக்குக் காத்திருக்கும்
பெரம்பூர்க்காரன்